சிகாகோவை மூன்று நாளில் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் கார் இல்லாமல் மூன்று நாள் ஊர் சுற்ற எந்த நகரம் நல்லது என்று யார் கேட்டாலும் நான் சிகாகோவைத்தான் சொல்வேன். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி மிச்சிகன் ஏரிக்கும் சிகாகோ ஆற்றுக்கும் பக்கத்தில், ஒரே பட்டையாக அமைந்திருக்கிறது. வடக்கே பழைய வாட்டர் டவரிலிருந்து தெற்கே ஃபீல்ட் மியூசியம் வரை ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. அதிலும் பாதி இடங்களுக்கு டிக்கெட் தேவையில்லை.

ஆனால் வரிசை முக்கியம். பலரும் வந்து இறங்கியதும் உயரமான கோபுரத்துக்கு ஓடுகிறார்கள். மேலே போய் நின்றால் கீழே தெரிவது எல்லாம் ஒரே கட்டிடக் குவியல். எது எது என்று புரிவதில்லை. முதலில் ஆற்றில் படகு ஏறுங்கள். ஊர் எப்படி வளர்ந்தது என்பது அங்கே பிடிபடும். கோபுரத்தை அன்று மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எப்போது போவது

மே கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. என்னைக் கேட்டால் செப்டம்பர். வெயில் தணிந்திருக்கும், பள்ளிகள் திறந்துவிட்டதால் கூட்டமும் குறையும். ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில் கிராண்ட் பார்க்கில் லோலாபலூசா இசை விழா நடக்கும். அந்த வாரம் ஹோட்டல் வாடகை ஏறிவிடும், பூங்காவின் பெரும்பகுதிக்குள் போகவும் முடியாது. அக்டோபரில் மாரத்தான் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், சாலைகள் அடைபடும். தேதி குறிக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போவதுண்டு. அருங்காட்சியகங்களுக்காக மட்டும் வருகிறவர்கள் வரலாம், ஆனால் படகு இருக்காது, பூங்கா நீரூற்றுகள் ஓடாது. மே மாதத்தில் வந்தாலும் ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். ஏரியிலிருந்து காற்று திரும்பினால் ஊருக்குள் இதமாக இருக்கும்போதே கரையில் நடுங்க வைத்துவிடும்.

கிழமைக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்த ஊரின் மிகச் சிறந்த அருங்காட்சியகமான ஆர்ட் இன்ஸ்டிட்யூட் வழக்கமாகச் செவ்வாய், புதன் இரண்டு நாளும் மூடியிருக்கும். அதனால் வியாழன் முதல் சனி வரை, அல்லது வெள்ளி முதல் ஞாயிறு வரை வைத்துக்கொள்வது நல்லது. கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

தங்குவது, ரயில், முகவரி

நகர மையமான லூப் பகுதியிலோ, ஆற்றைத் தாண்டி ரிவர் நார்த்திலோ தங்குங்கள். விலை கூடுதலாகத் தெரியும். ஆனால் தூரத்தில் தங்கினால் அந்த மிச்சம் போக்குவரத்திலும் நேரத்திலும் போய்விடும். காரை வாடகைக்கு எடுக்க வேண்டாம். நகர மையத்தில் ஹோட்டல் பார்க்கிங் கட்டணமே ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை விழுங்கும்.

ஓஹேர் விமான நிலையத்தில் இறங்கினால் ப்ளூ லைன் ரயில். இரவு பகல் முழுக்க ஓடும், முக்கால் மணி நேரத்தில் நகர மையம். மிட்வே விமான நிலையமென்றால் ஆரஞ்சு லைன். நிலையத்தில் இருக்கும் வென்ட்ரா இயந்திரத்தில் ஒரு நாள், மூன்று நாள் பாஸ்கள் கிடைக்கும். ஓஹேரிலிருந்து ஏறும்போது மட்டும் தனி டிக்கெட் விலை வழக்கத்தைவிடக் கூடுதல் என்பதால், அங்கேயே மூன்று நாள் பாஸ் வாங்கிவிடுவது லாபம். அதே பாஸில் பேருந்திலும் போகலாம்.

நகர மையத்தில் இந்த ரயில் சாலைகளுக்கு மேலே, இரும்புத் தூண்கள்மீது ஓடுகிறது. 1897இல் முழுமையான அந்தச் சுற்றுப் பாதையால்தான் லூப் என்ற பெயர் அந்தப் பகுதிக்கே நிலைத்தது. ஒருமுறையாவது பிரவுன் லைனில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து முழுச் சுற்று வாருங்கள். அலுவலகங்களின் இரண்டாம் மாடி ஜன்னல்களை உரசிக்கொண்டு வண்டி வளையும். சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கீழே தெருவில் நிற்பவர்களின் பேச்சையே நிறுத்திவிடும்.

முகவரி கண்டுபிடிப்பது இங்கே சுலபம். ஸ்டேட் தெருவும் மாடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் பூஜ்யம். அங்கிருந்து, தெற்கே முதல் மூன்று மைலைத் தவிர, 800 எண்ணுக்கு ஒரு மைல். ஏரி எப்போதும் கிழக்கே. இது தெரிந்துவிட்டால் போனைப் பார்க்காமலே நடக்கலாம். ஆற்றோரம் வாக்கர் டிரைவ் சாலை மட்டும் இரண்டு அடுக்காக இருப்பதால் ஜிபிஎஸ் குழம்பும். டாக்சி பிடிக்கும்போது நீங்கள் மேலடுக்கில் நிற்கிறீர்களா, கீழடுக்கிலா என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.

முன்பதிவு

படகு, ஒரு கோபுரம், ஆர்ட் இன்ஸ்டிட்யூட். இந்த மூன்றுக்கும் முன்பதிவு செய்தால் போதும். பல இடங்களைச் சேர்த்துத் தரும் சிட்டி பாஸ் போன்றவை, அதில் உள்ள இடங்களில் குறைந்தது மூன்று நான்குக்காவது நிச்சயம் போவீர்கள் என்றால்தான் கட்டுப்படியாகும். பாஸ் வாங்கிவிட்டோமே என்று ஒரே நாளில் இரண்டு அருங்காட்சியகங்களுக்கு ஓடுவதில் எந்தச் சந்தோஷமும் இல்லை.

முதல் நாள்: ஆறு, பூங்கா, கோபுரம்

மிச்சிகன் அவென்யூ பாலத்தின் தென்கிழக்கு மூலையில் படிக்கட்டில் இறங்கினால் சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டர் நடத்தும் படகுச் சுற்றுலாவுக்கான துறை. சுமார் 90 நிமிடம். மலிவு இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதை இதற்குத்தான் கொடுப்பேன். வழிகாட்டிகள் கட்டிடக்கலையில் பயிற்சி பெற்றவர்கள். ஒவ்வொரு கட்டிடத்தையும் யார் கட்டினார்கள், எதற்காக அந்த வடிவம் என்று விளக்குவார்கள். காலை 10 மணிப் படகில் மேல்தளத்தில் இடம் பிடியுங்கள். தொப்பி அவசியம்.

ஏறுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது இரண்டு விஷயம். 1871 அக்டோபரில் மூண்ட தீ, ஊரின் நடுப்பகுதியை ஏறக்குறைய முழுமையாக எரித்துவிட்டது. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். காலியான நிலம், ஏறிக்கொண்டே போன மனை விலை, புதிதாக வந்த எஃகு, லிஃப்ட் எல்லாம் சேர்ந்துதான் வானளாவும் கட்டிடங்கள் இங்கே பிறந்தன. 1885இல் எழுந்த பத்து மாடி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டிடத்தை உலகின் முதல் வானளாவி என்பார்கள். அதை 1931இல் இடித்துவிட்டார்கள்.

இரண்டாவது, நீங்கள் மிதக்கப்போகும் இந்த ஆறு திசை மாற்றப்பட்டது. ஊரின் சாக்கடையெல்லாம் ஆற்றில் கலந்து ஏரிக்குப் போனது. குடிநீரும் அதே ஏரியிலிருந்துதான். டைஃபாய்டு, காலரா. கடைசியில் 1900இல் சுமார் 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, ஆற்றை ஏரியிலிருந்து விலகி மிசிசிப்பியை நோக்கி ஓட வைத்தார்கள். படகு ஏரிப் பக்கம் திரும்பும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் மரினா சிட்டியைத் தவறவிடாதீர்கள். சோளக் கதிர் இரண்டை நட்டு வைத்ததுபோல் நிற்கும் 1960களின் இரட்டைக் குடியிருப்பு. அதன் கீழ் 19 தளங்களும் கார் நிறுத்தம். படகிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கார்களின் பின்பக்கம் வரிசையாக விளிம்பில் தெரியும், தண்ணீருக்கு மேலே தொங்குவதுபோல். ஆறு மூன்றாகப் பிரியும் வுல்ஃப் பாயிண்டைத் தாண்டும்போது திரும்பிப் பாருங்கள். மெர்ச்சண்டைஸ் மார்ட் கட்டிடத்தின் பிரம்மாண்டம் அங்கிருந்துதான் விளங்கும்.

படகிலிருந்து இறங்கியதும் பாலத்தைக் கடந்து ட்ரிப்யூன் டவரின் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். உலகின் பல இடங்களிலிருந்து கொண்டுவந்த கல்துண்டுகளைப் பெயரோடு பதித்திருக்கிறார்கள். தாஜ்மகால் துண்டும் உண்டு. காசு இல்லை, பத்து நிமிடம் போதும்.

அடுத்தது ராண்டால்ஃப் தெரு முனையில் சிகாகோ கல்ச்சுரல் சென்டர். 1897இல் ஊரின் பொது நூலகமாகக் கட்டியது. அனுமதி இலவசம், உள்ளே சுத்தமான கழிப்பறை இருக்கிறது, வெயிலுக்கு ஏசியும் இருக்கிறது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது ஆறவே இல்லை. பளிங்குப் படிகளில் ஏறும்போது கைப்பிடிச் சுவரில் முத்துச்சிப்பியும் வண்ணக் கண்ணாடியும் பதித்த மொசைக் வேலையைக் கிட்டத்தில் பாருங்கள். ஓர் அடி நகர்ந்தால் பச்சை நீலமாகிறது, நீலம் பொன்னிறமாகிறது. மேலே 38 அடி விட்டமுள்ள டிஃபனி கண்ணாடிக் குவிமாடம். மீன் செதில்போல் அடுக்கிய சுமார் 30,000 துண்டுகள், உச்சியில் ராசிச் சின்னங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே போங்கள்.

சாலையைக் கடந்தால் மில்லேனியம் பார்க். ரயில் தண்டவாளங்களுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் மேலே போட்ட தளத்தில் 2004இல் திறந்தது. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த கிளவுட் கேட், ஊர்க்காரர்களுக்குப் 'பீன்'. 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்பே தெரியாமல் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். எடை சுமார் 100 டன். எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் வளைவுக்கு அடியில் போய் நின்று மேலே பாருங்கள், உங்கள் உருவமே பத்து விதமாக நீண்டு சுருளும். கூட்டமில்லாத படம் வேண்டுமென்றால் மறுநாள் காலை பூங்கா திறந்ததுமே இன்னொரு முறை வந்துவிடுங்கள். குழந்தைகள் இருந்தால் கிரவுன் ஃபவுண்டனுக்கு மாற்றுத் துணி கொண்டுபோங்கள். 50 அடித் திரைகளில் ஊர்க்காரர்களின் முகங்கள் மாறி மாறி வந்து வாயால் தண்ணீர் கொப்பளிக்கும். கோடையில் சில மாலைகளில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த அரங்கில் கிராண்ட் பார்க் இசைவிழாக் கச்சேரி நடக்கும். புல்வெளியில் பாய் விரித்து உட்காரக் கட்டணம் கிடையாது.

மாலையில் கோபுரம். இரண்டு இருக்கின்றன, ஒன்று போதும். 442 மீட்டர் உயர வில்லிஸ் டவர், 1973 முதல் 1998 வரை உலகிலேயே உயரமான கட்டிடமாக இருந்தது. பழைய பெயர் சியர்ஸ் டவர். 103ஆம் மாடியில் கட்டிடத்துக்கு வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கலாம். முன்பு ஜான் ஹான்காக் என்று பெயர் கொண்டிருந்த கட்டிடத்தின் 94ஆம் மாடியிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை வளைந்து போவதும் மணல்வெளியும் தெரியும். கண்ணாடித் தரைதான் ஆசை என்றால் வில்லிஸ். காட்சிதான் வேண்டும் என்றால் ஹான்காக். நான் ஹான்காக் பக்கம். இரண்டையும் நிற்க வைத்த பொறியாளர் ஒருவரே, டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். ஹான்காக்கின் வெளிப்புறத்தில் பெரிய பெருக்கல் குறிபோல் தெரியும் இரும்புச் சட்டங்கள்தான் காற்றைத் தாங்குகின்றன. வில்லிஸில் ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகப் பிணைத்து, ஒவ்வோர் உயரத்தில் சிலவற்றை நிறுத்தியிருக்கிறார். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முந்தைய நேரத்துக்குப் பதிவு செய்தால் பகல், அந்தி, விளக்கொளி மூன்றும் கிடைக்கும். அன்று மேகம் கீழே இறங்கியிருந்தால் மேலே போய் எதுவும் தெரியாது. தேதி மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள டிக்கெட்டாக வாங்குங்கள்.

ஹான்காக்குக்குப் போகிறவர்கள் அருகிலேயே இருக்கும் வாட்டர் டவரைப் பார்க்க மறக்க வேண்டாம். 1869இல் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் கட்டியது. 1871 தீயில் தப்பி நின்ற மிகச் சில கட்டிடங்களில் ஒன்று.

இரண்டாம் நாள்: ஆர்ட் இன்ஸ்டிட்யூட், ஏரிக்கரை

காலை திறக்கும் நேரத்துக்கே ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடுங்கள். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும்.

இந்தக் கட்டிடம் நமக்கு அந்நியமானது இல்லை. 1893 செப்டம்பர் 11 அன்று உலகச் சமயங்களின் பாராளுமன்றம் இங்கேதான் தொடங்கியது. விவேகானந்தர் 'அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே' என்று பேசத் தொடங்கியது இந்த வளாகத்தில்தான். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் வீடு வீடாகப் போய் நிதி திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் துணை நின்றார். பேசிய தற்காலிக மண்டபம் இப்போது இல்லை. வாசல் சிங்கங்கள்கூட அடுத்த ஆண்டுதான் வந்தன. ஆனாலும் அந்தப் பெரிய படிக்கட்டின் அடியில் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும், நில்லுங்கள்.

அங்கிருந்து நேராக ஆல்ஸ்டார்ஃப் காட்சிக்கூடத்துக்குப் போங்கள். இந்தியா, தென்கிழக்கு ஆசியா, இமயமலைப் பகுதிச் சிற்பங்கள் இருக்கும் நீண்ட கூடம். அங்கே நாகப்பட்டினத்திலிருந்து வந்த கருங்கல் புத்தர் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். சோழர் காலம், ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டு. உச்சியில் சுடர்போன்ற முடிச்சு, அகன்ற தோள், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசனின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்ததும், அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை ராஜராஜன் கொடையளித்ததும் பாடப்புத்தகத்தில் படித்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் பௌத்தம் அவ்வளவு நாள் உயிரோடு இருந்ததற்கு இந்தக் கல் சாட்சி. இதே தொகுப்பில் சோழர் கால நடராஜர் வெண்கலமும் உண்டு. காட்சியில் அவ்வப்போது மாற்றம் செய்வார்கள் என்பதால் தகவல் மேசையில் எது எங்கே என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

அதன் பிறகு ஓவியங்கள். மூன்றுக்கு நேரம் ஒதுக்குங்கள்: ஓவியர் சூரா புள்ளிகளால் வரைந்த 'லா கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு', கிராண்ட் வுட்டின் 'அமெரிக்கன் காதிக்', ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்'. சூராவை முதலில் அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள், பிறகு மெதுவாகக் கிட்டே போங்கள்; மனிதர்கள் கரைந்து புள்ளியாகிவிடுவார்கள். கீழ்த்தளத்தில் தோர்ன் மினியேச்சர் அறைகள் 68 உள்ளன. ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறைத்துச் செய்த வீட்டு அறைகள், நாற்காலி, விளக்கு எல்லாமே உண்டு. குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் கண் களைத்துவிடும். வெளியே வந்து தெற்கே நடந்தால் பக்கிங்காம் நீரூற்று. 1927இல் கட்டியது, மே முதல் அக்டோபர் வரை, மணிக்கொருமுறை நடுத்தாரை 150 அடி உயரம் பீறிடும். அப்படியே ஏரிக்கரைப் பாதையில் போனால் ஃபீல்ட் மியூசியம், ஷெட் அக்வேரியம், ஆட்லர் கோளரங்கம் மூன்றும் ஒரே வளாகத்தில். உள்ளே போகாவிட்டாலும் ஆட்லர் இருக்கும் முனை வரை நடங்கள். முழு நகரமும் தண்ணீருக்கு அப்பால் வரிசையாக நிற்பது அங்கிருந்துதான் தெரியும். அந்தியில் ஊர்க்காரர்களும் அங்கே வந்து உட்காருவார்கள். முட்டி வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் இந்தத் தூரத்தை நடக்க வைக்காதீர்கள், 146ஆம் எண் பேருந்து வளாகத்துக்கே வரும்.

மூன்றாம் நாள்: யாருடன் வந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து

குழந்தைகளோடு என்றால் ஃபீல்ட் மியூசியம். 1990இல் தென் டகோட்டாவில் கிடைத்த 'சூ' என்ற டைரனோசாரஸ் எலும்புக்கூடு இங்கே. இதுவரை கிடைத்தவற்றில் மிக முழுமையானவற்றில் ஒன்று. 1997 ஏலத்தில் 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 1898இல் கென்யாவில் ரயில் பாதை போட்ட இந்தியத் தொழிலாளர்கள் உட்படப் பலரைக் கொன்ற சாவோ சிங்கங்கள் இரண்டும் இங்கேதான் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. பிடரி இல்லாத ஆண் சிங்கங்கள்.

அப்பா அம்மாவோடு என்றால் லிங்கன் பார்க். 1868இல் தொடங்கிய உயிரியல் பூங்கா இன்றும் இலவசம், நிழல் உண்டு, உட்கார இடம் உண்டு. கட்டிடக்கலைப் பித்து உள்ளவர்கள் கிரீன் லைனில் ஓக் பார்க் போய், கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் வீட்டையும் அவர் வடிவமைத்த யூனிட்டி டெம்பிளையும் பார்க்கலாம்.

ஏரிக்குள் நீளும் துறையான நேவி பியரை நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன். கடைகளும் ராட்டினமும்தான். கோடையில் வாணவேடிக்கை நடக்கும் இரவாக இருந்தால் மட்டும் எட்டிப் பாருங்கள்.

சாப்பாடு

டீப் டிஷ் பிட்சா இந்த ஊரின் கண்டுபிடிப்பு, 1943இல் தொடங்கியது. வேக முக்கால் மணி நேரம் வரை ஆகும் என்பதால் பசி முற்றும்வரை காத்திருக்காமல் போய் உட்கார்ந்ததும் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். சைவத்துக்குப் பசலைக்கீரையும் காளானும் போட்டது நன்றாக இருக்கும். இரண்டு துண்டுக்கு மேல் யாராலும் முடியாது. நான்கு பேருக்கு நடுத்தர அளவு ஒன்றே தாராளம். சீஸும் கேரமலும் கலந்த பாப்கார்ன் இன்னொரு உள்ளூர் ருசி, இனிப்பும் உப்பும் சேர்ந்து கையை விடாது. பில்லில் வரி தனியாக ஏறும், அதற்கு மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். பட்ஜெட் போடும்போது மெனு விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இட்லி தோசை ஏக்கம் வந்துவிட்டால் டெவான் அவென்யூ. ரெட் லைனில் லயோலா நிறுத்தம், அங்கிருந்து 155ஆம் எண் பேருந்து. சேலைக் கடை, மளிகைக் கடை, தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே தெருவில். அதன் ஒரு பகுதிக்குக் காந்தி மார்க் என்றே பெயர். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குச் சரியான இடம். லெமான்ட்டில் உள்ள ராமர் கோவில் அழகானதுதான், ஆனால் தென்மேற்கே வெகு தூரம். கார் வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால் மட்டும் திட்டமிடுங்கள்.

கிளம்பும் நாள்

ஹோட்டலில் அறையைக் காலி செய்த பிறகும் பெட்டிகளை மாலைவரை வைத்திருப்பார்கள், கேளுங்கள். மாலை நேர நெரிசலில் டாக்சியைவிட ப்ளூ லைன்தான் நம்பகமானது. பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்களின் விமானங்கள் ஓஹேரில் டெர்மினல் 5இலிருந்து கிளம்பும்; ப்ளூ லைன் அங்கே போகாது. நிலையத்தில் இறங்கி, விமான நிலையத்துக்குள் ஓடும் இலவச ரயிலில் மாறிப் போக வேண்டும். அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.